திறைசேரி முறியில் யார் கையெழுத்திட வேண்டும்?

கேள்வி: நான் களுவாஞ்சிகுடியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. பணிக்கொடைக் காசில் பத்து இலட்சத்தை மட்டக்களப்பு நகரிலுள்ள வங்கி ஒன்றின் ஊடாகத் திறைசேரி முறியில் போட்டேன். கையில் தந்தது ஒரு கடிதம் மட்டும்தான். அரச முத்திரையும் இல்லை, பெரிய அதிகாரியின் கையொப்பமும் இல்லை. "கையெழுத்தில்லாத முறி செல்லாது" என்கிறார் அத்தான். உண்மையா?

பதில்: டீச்சர், கையெழுத்து இல்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். முறி என்றால் நீங்கள் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் நீண்டகாலக் கடன். முந்தி அதற்கான பத்திரம் கடதாசியில்தான் வந்தது. 2004இல் சட்டத்தைத் திருத்திப் பத்திரமில்லா முறைக்கு மாறினார்கள். இப்போது முறி என்பது மத்திய வங்கியின் லங்காசெகியூர் பதிவேட்டில் உங்கள் பெயரில் இருக்கும் ஒரு பதிவு. உரிமையைக் காட்டுவது அதுதான். ஆகவே யாராவது முத்திரை குத்திய "அரச முறிப் பத்திரம்" என்று புதிதாக ஒன்றை நீட்டினால், அங்கேதான் சந்தேகப்பட வேண்டும்.

அரசாங்கமும் நினைத்தபடி முறி வெளியிட முடியாது. வருடத்துக்கு எவ்வளவு கடன் எடுக்கலாம் என்ற எல்லையை ஒதுக்கீட்டுச் சட்டத்தில் பாராளுமன்றம் வைக்கும். முறிகள் 1937ஆம் ஆண்டின் பதிவுசெய்யப்பட்ட பங்குகள், பிணையங்கள் கட்டளைச்சட்டத்தின் கீழும், ஒரு வருடத்துக்குட்பட்ட கடனான திறைசேரி உண்டியல்கள் 1923ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டத்தின் கீழும் வந்தவை. 2024இல் பொதுப் படுகடன் முகாமைத்துவச் சட்டமும் வந்தது.

சரி, என் கவலை வேறு. அந்தக் கடிதத்தை எடுத்து வாசியுங்கள். எல்.கே.பி என்று தொடங்கும் 12 இடக் குறியீடு, முதிர்வுத் திகதி, ஆறு மாதத்துக்கொருமுறை வரும் வட்டி வீதம் மூன்றும் இருக்கிறதா? எல்.கே.ஏ என்றிருந்தால் அது உண்டியல். "மீள்கொள்வனவு" என்ற சொல் இருந்தால் நீங்கள் முறியை வாங்கி வைத்திருக்கவில்லை. முறியை ஈடாக வைத்துக்கொண்டு உங்கள் காசை வாங்கியிருக்கிறார்கள், குறித்த நாளில் திருப்பித் தருவார்கள். அதிலும் பிழையில்லை, ஆனால் ஈடு உங்கள் பெயருக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். காசை வாங்கிய நிறுவனம் விழுந்தால் உங்களைக் காப்பது அந்த ஒதுக்கீடுதான். பல பேர் இந்த வித்தியாசம் தெரியாமலே கையெழுத்துப் போடுகிறார்கள், அதுதான் மனதுக்குக் கஷ்டம்.

நாளைக்கே வங்கிக்குப் போய், உங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் லங்காசெகியூர் கணக்கு திறக்கப்பட்டதா என்று கேளுங்கள். அதன் கணக்குக்கூற்றை எழுத்தில் வாங்குங்கள். விலாசமும் தொலைபேசி இலக்கமும் சரியாகப் பதியப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள். அத்தானையும் கூட்டிக்கொண்டு போங்கள்.