கணக்கு வராத பிள்ளைக்கு எந்த குரூப்?

பத்தாம் வகுப்பில் கணக்கு மதிப்பெண் குறைந்ததும் "கணக்கே இல்லாத குரூப்பாகப் பார்த்துச் சேர்த்துவிடலாமா?" என்று கேட்கிறீர்கள். சேர்க்கலாம். ஆனால் பொறியியல் கலந்தாய்வுக்கான 200 கட்-ஆஃபில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பதுதான். அந்தக் கதவு மூடிவிடும். பி.ஆர்க்., பி.எஸ்சி. கணிதமும் அப்படியே. மகளுக்கு இவற்றில் நாட்டமில்லை என்றால் இழப்பு பெரிதில்லை.

அதற்கு முன்னால், எந்தக் கணக்கு வரவில்லை என்று பாருங்கள். இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் மட்டும் தடுமாறினால் குரூப் மாற்றித் தப்பிக்கலாம். விகிதம், சதவீதம், பின்னம் புரியவில்லை என்றால் எந்த குரூப்பில் சேர்த்தாலும் அது கூடவே வரும்.

நர்சிங்கையே எடுத்துக்கொள்வோம். 1000 மி.லி. சலைனை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். டிரிப் செட்டில் 1 மி.லி.க்கு 20 சொட்டு. 1000-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 சொட்டு. மணியை நிமிடமாக்க மறந்து 8-ஆல் வகுத்தால் 2500 வரும். தப்பு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது வேறொரு தப்புக்கு. கையில் இருப்பது 15 சொட்டு செட் என்பதைக் கவனிக்காமல் அதே 42-ஐ வைத்தால், எட்டு மணி நேரத்து மருந்து ஆறு மணி நேரத்தில் உள்ளே போய்விடும். எண் நியாயமாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

அரசு வேலைக்குப் போனாலும் இதே கதைதான். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவு. தலா ஒன்றரை மதிப்பெண். விகிதம், வட்டி, வேலையும் நேரமும் என்று பள்ளிக் கணக்குதான் வரும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ஒரு பொருள் 590 ரூபாய், வரியில்லாமல் எவ்வளவு? 500 என்றால் சரி. 483.80 என்றால், 590-இலிருந்தே 18 சதவீதத்தைக் கழித்திருக்கிறாள். எந்தத் தொகையின் மேல் சதவீதம் என்பது பிடிபடவில்லை. அடுத்தது: ஒரு லட்ச ரூபாய் கடன், 3 ஆண்டு, 12 சதவீதம். 'ஃபிளாட்' வட்டி என்றால் மாதத் தவணை 3,778. குறையும் நிலுவை மீது வட்டி என்றால் 3,321. வட்டி வீதம் ஒன்றே, தவணை ஏன் மாறுகிறது? முன்னதில், பாதிக் கடனை அடைத்த பிறகும் முழு லட்சத்துக்கும் வட்டி போடுகிறார்கள். குறையும் நிலுவைக் கணக்கில் அது சுமார் 21 சதவீத வட்டிக்குச் சமம். கல்லூரிக்குக் கடன் வாங்குமுன் இதை நீங்களும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

இவற்றில் திணறினால் பத்தாம் வகுப்புப் பாடத்துக்கே மறுபடி டியூஷன் வைப்பது வீண். எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் 'வாழ்வியல் கணிதம்' பாடத்தை இரண்டு மாதம், தினம் அரை மணி நேரம், கால்குலேட்டர் இல்லாமல் போடச் சொல்லுங்கள். கணக்கைத் தொடங்குமுன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று எழுதிவைக்கட்டும்.

சட்டென்று விடை சொன்னால், அடித்தளம் இருக்கிறது. வணிகவியல் குரூப்பில் வணிகக் கணிதத்தையே தயங்காமல் எடுக்கலாம். சி.ஏ. எண்ணம் இருந்தால் அதுதான் பொருத்தம், முதல் கட்டத் தேர்விலேயே கணக்கும் புள்ளியியலும் சேர்ந்த தாள் உண்டு.