தலைசுற்றலுக்குக் காது காரணமா? கேள்வி பதில்

தலைசுற்றல் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பலர் 'டாக்டர்' என்று விளித்திருக்கிறீர்கள். நான் ஆடியாலஜிஸ்ட். காது கேட்கும் திறனையும் உடம்பின் சமநிலையையும் சோதிப்பது, பயிற்சி கொடுப்பது என் வேலை. மருந்து எழுதுவது இஎன்டி டாக்டர்தான்.

ராஜி: காலையில் வலப்பக்கம் புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறது மேடம். அரை நிமிடத்தில் நின்றுவிடும். மாமியார் பித்தம் என்று இஞ்சிச் சாறு தருகிறார். எங்கள் டாக்டர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று காலர் மாட்டிவிட்டார். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை ராஜி. புரளும்போது, அண்ணாந்து பரணில் எதையாவது எடுக்கும்போது, குனிந்து நிமிரும்போது மட்டும் ஒரு நிமிடத்துக்குள் சுற்றி அடங்கினால் முதல் சந்தேகம் பிபிபிவி என்ற உள்காதுக் கோளாறு. உள்காதில் நத்தைக்கூடு போன்ற கேட்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே சமநிலைக்கான அறைகளும் மூன்று அரைவட்டக் குழாய்களும் இருக்கின்றன. அறையில் ஒட்டியிருக்க வேண்டிய பொடிப்பொடியான கால்சியம் கார்பனேட் துகள்கள் பெயர்ந்து குழாய்க்குள் போய்விடுகின்றன. தலையைத் திருப்பும்போது அவை உருள, குழாயில் உள்ள திரவமும் அசைகிறது. நீங்கள் சுற்றுவதாக மூளை நினைத்துக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. தலையை 45 டிகிரி ஒரு பக்கம் திருப்பி, கட்டிலில் சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டுக் கண்ணைப் பார்ப்போம். சில விநாடி ஒன்றும் இருக்காது. அப்புறம் கருவிழி முறுக்கிக்கொண்டு துடிக்க ஆரம்பிக்கும். நோயாளி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் அதுவே அடங்கிவிடும். இதுதான் டிக்ஸ் ஹால்பைக் சோதனை.

வைத்தியம் எப்லி முறை. வலக்காது என்றால், அந்தத் தொங்கிய நிலையிலேயே அரை முதல் ஒரு நிமிடம் இருக்க வேண்டும். பிறகு தலையை மெல்ல இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி அதே நேரம். அடுத்து உடம்பையும் இடப்பக்கம் புரட்டி, மூக்கு தரையைப் பார்க்கும்படி அதே நேரம். பிறகு எழுந்து உட்காரலாம். துகள்கள் குழாயைச் சுற்றி வந்து அறைக்குத் திரும்பிவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிறது. அமெரிக்காவின் போர்ட்லேண்டில் இருந்த ஜான் எப்லி இதை முதலில் சொன்னபோது சக டாக்டர்கள் நம்பவில்லை. கட்டுரை 1992-இல் வெளியான பிறகே மெல்லப் பரவியது. எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். கழுத்தில் உண்மையிலேயே பிரச்சினை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேறு முறைகளும் இருக்கின்றன. இஞ்சிச் சாறு குமட்டலுக்கு நல்லதுதான். மாமியாரிடம் அதைச் சொல்லிவிடலாம்.

சுரேஷ்: எனக்கு 42 வயது. திடீரென்று இடது காது அடைத்து, உள்ளே 'ஹோ' என்று இரைச்சல் வரும். அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் சுற்றல், வாந்தி. அந்தக் காது மந்தமாகி, பிறகு சரியாகும். சுற்றலுக்குக் கொடுத்த பீட்டாஹிஸ்டின் மாத்திரையை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறேன். ஆயுசுக்கும் வேண்டுமா?

பாரிஸில் ப்ரோஸ்பர் மெனியேர் என்ற டாக்டர் 1861-இல் விவரித்த மெனியேர் நோயின் அடையாளங்கள் அப்படியே இருக்கின்றன. உள்காதுத் திரவம் அளவுக்கு மேல் சேர்வது இதில் காணப்படும் மாற்றம். சுற்றல் 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம்வரை இருக்கலாம். உங்கள் கடிதத்தில் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்குக் கவலை. காது மந்தமாக இருக்கும் நாளிலேயே வந்து எடுத்துவிடுங்கள். ஆரம்பத்தில் தாழ்ந்த ஒலிகளில்தான் கேட்பு விழும். சரியான பிறகு எடுத்தால் 'நார்மல்' என்று வந்து எல்லாரையும் குழப்பிவிடும்.

பீட்டாஹிஸ்டினை நம் ஊரில் அள்ளிக் கொடுக்கிறார்கள். ஜெர்மனியில் ஒன்பது மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சுற்றல் அதே அளவு குறைந்திருந்தது. நீங்களாக நிறுத்த வேண்டாம். இதைச் சொல்லி டாக்டரிடம் பேசுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்வது வழக்கம். அதற்கும் ஆதாரம் வலுவில்லை, ஆனாலும் நஷ்டமில்லாத காரியம். சாப்பாட்டு உப்பைவிட ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இவைதான் கணக்கைக் கெடுக்கும். அப்படியும் அடங்காவிட்டால் செவிப்பறை வழியாக ஸ்டீராய்டு ஊசி, கடைசியில் ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி என்று வழிகள் உண்டு. பின்னது சமநிலை உறுப்பை வேண்டுமென்றே செயலிழக்க வைப்பது. கேட்கும் திறனும் போகலாம் என்பதால் யோசித்துத்தான் செய்வார்கள்.

பெயர் வேண்டாம்: அப்பாவுக்குக் கிருமித் தொற்றுக்காக ஜென்டமைசின் ஊசி பல நாள் போட்டார்கள். காது நன்றாகக் கேட்கிறது, சுற்றலும் இல்லை. ஆனால் குடித்தவர் மாதிரி தள்ளாடுகிறார். நடக்கும்போது கடைப் போர்டு எழுத்தெல்லாம் குதிக்கிறதாம்.

அந்த 'எழுத்து குதிக்கிறது' முக்கியமான தடயம். ஜென்டமைசின் இரண்டு பக்க சமநிலை உறுப்பையும் பாதிக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்து பழுதானால் சுற்றல் வராது. தலை அசையும்போது பார்வையை நிலையாகப் பிடிக்க முடியாது. இருட்டில் இன்னும் மோசம், மணலில் நடப்பதும் கஷ்டம். ஆடியோகிராம் நார்மலாக இருப்பதை வைத்துக் காதில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள், விடாதீர்கள். சமநிலை உறுப்பையே சோதிக்கும் விஹிட் அல்லது கலோரிக் சோதனை கேளுங்கள். போனது பெரும்பாலும் திரும்பாது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எழுத்தில் கண்ணை நிறுத்தித் தலையை இடவலமாக ஆட்டும் பயிற்சி, நடைப் பயிற்சி இவற்றைத் தினமும் செய்தால் நடமாட்டம் நன்றாகவே தேறும். அப்பாவுக்கு இனி எந்த டாக்டர் ஊசி எழுதினாலும் இந்த விவரத்தை முதலில் சொல்லுங்கள்.

கண்ணன்: மெடிக்கல் ஷாப்பில் ஸ்டெமெட்டில் வாங்கி ஒரு மாதமாகப் போடுகிறேன். தப்பா?

தப்புதான். வாந்தியும் சுற்றலும் உச்சத்தில் இருக்கும் இரண்டு மூன்று நாளுக்கு உரிய மாத்திரை அது. தொடர்ந்தால் மூளை தானாகப் பழகிக்கொள்வது தள்ளிப்போகும். வயதானவர்களுக்குக் கைநடுக்கம்கூட வரும்.

மீனா: எப்போது அவசரமாக ஓட வேண்டும்?

சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணல், கைகால் மரத்துப்போதல், புதிதாகக் கடும் தலைவலி, பிடித்தாலும் நிற்க முடியாமை இதில் ஒன்று இருந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. சுற்றலோடோ தனியாகவோ ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே இஎன்டி. ஸ்டீராய்டை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் கேட்பு மீளும் வாய்ப்பு அதிகம். 'சளி அடைப்பு, தானாகத் திறக்கும்' என்று காத்திருந்து வருகிறவர்களைப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கும்.

செல்வி: அம்மாவுக்கு 74 வயது. ஹியரிங் எய்டைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். சமீபத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். லேசான கேட்புக் குறைவு உள்ளவர்களும் விழும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2012-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. அதற்காக எய்டு போட்டால் விழவே மாட்டார் என்று சொல்ல மாட்டேன். கண், பாதத்து உணர்ச்சி, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். படுத்து எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள். எய்டை ஏன் கழற்றினார் என்று அம்மாவிடமே கேளுங்கள். இரைச்சல் தாங்கவில்லை என்பார், அல்லது காதுக்குள் மாட்டும் எய்டின் அச்சு காதை அழுத்துகிறது என்பார். இரண்டையும் சரிசெய்யலாம், வாங்கிய இடத்துக்கே அழைத்துப் போங்கள்.

பாஸ்கர்: சுற்றலுக்குக் காதில் நல்லெண்ணெய் காய்ச்சி விடலாமா?

வேண்டாம். செவிப்பறை நன்றாக இருந்தால் எண்ணெய் உள்காதுக்குப் போகவே போகாது. ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும்.