பரிசல் ஏன் மூலையிலேயே நிற்கிறது?

இந்த இதழில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களின் கேம் புரோகிராமிங் கேள்விகள்.

கேள்வி: ஒகேனக்கல் பரிசலை வைத்து, நாலு பேர் சேர்ந்து ஆடும் பந்தய கேம் ஒன்றை யூனிட்டியில் (கேம் உருவாக்கும் மென்பொருள்) செய்கிறோம். சர்வர் ஜாவாவில் இருக்கிறது. சர்வர் அனுப்பும் பைட்டுகளை, அவற்றை எண்ணாக மாற்றும் பிட்கன்வர்ட்டரில் கொடுத்தால், ஸ்கோர் 300 வரவேண்டிய இடத்தில் 73,82,63,040 வருகிறது. (100, 20) என்ற இடத்தில் நிற்கவேண்டிய பரிசல் (0, 0) மூலையில் நிற்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் 4 பைட்டைத் தனி அரேயாக (பைட் பட்டியலாக) வெட்டி, அரே.ரிவர்ஸ் போட்டுத் திருப்பினால் சரியாகிவிடுகிறது. ஆனால் ஆட்டம் அவ்வப்போது திக்குகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், பென்னாகரம்

பதில்: ஜாவாவின் டேட்டாஅவுட்புட்ஸ்ட்ரீம், பெரிய இடமதிப்புள்ள பைட்டை முதலில் எழுதும். இது பிக் எண்டியன் முறை. போனிலும் கம்ப்யூட்டரிலும் உள்ள பிராசஸர்கள் சிறிய இடமதிப்புள்ள பைட்டை முதலில் வைக்கும் லிட்டில் எண்டியன் முறையில் ஓடுகின்றன. பிட்கன்வர்ட்டர் தான் ஓடும் மெஷினின் வரிசையைத்தான் பின்பற்றும்.

300 என்பது 0, 0, 1, 44 என்று வருகிறது. தலைகீழாகப் படித்தால் 44-ஐ 1,67,77,216-ஆல் பெருக்கி, அதோடு 65,536-ஐக் கூட்டிய தொகை. நீங்கள் பார்த்த எண் அதுதான். தசம எண்ணான ஃப்ளோட்டில் இதே கோளாறு வேறு முகம் காட்டும். 1.0 என்பது 63, 128, 0, 0. திருப்பிப் படித்தால் கிட்டத்தட்ட சுழியம். 100, 20 போன்ற எண்களுக்கும் இதே கதிதான். அதனால்தான் பரிசல் மூலையில் நிற்கிறது. சிறிய முழு எண் கோடிக்கணக்கில் ஊதிப்போய், ஃப்ளோட் சுழியத்தில் ஒட்டிக்கொண்டால் வேறெங்கும் தேடவேண்டாம், பைட் வரிசையைப் பாருங்கள்.

திக்குவதற்குக் காரணம் ரிவர்ஸ் அல்ல, வெட்டும் அரே. நாலு பரிசல், ஒவ்வொன்றுக்கும் இடம் இரண்டு எண், கோணம், ஸ்கோர் என்றால் ஒரு பாக்கெட்டுக்கு (சர்வர் ஒரு முறை அனுப்பும் தரவு) 16 அரே. நொடிக்கு 30 பாக்கெட் வந்தால் 480. 4 பைட் தரவைவிட அரேயின் நிர்வாகச் சுமையே அதிகம். இப்படிப் பயன்படுத்தி விட்ட அரேக்கள் நினைவகத்தில் குப்பையாகச் சேரும். அதை கார்பேஜ் கலெக்டர் அள்ளும்போது, 60 ஃபிரேம் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் 16.7 மில்லிசெகண்டில் ஒரு பகுதி போய்விடுகிறது. விலை குறைந்த போனில் இது கண்ணுக்கே தெரியும்.

எனவே வெட்டாதீர்கள். பாக்கெட் வந்த பஃபர் (பைட்டுகளை வைக்கும் நினைவக இடம்) ஒன்றே போதும். அதையே ஒவ்வொரு முறையும் திரும்பப் பயன்படுத்துங்கள். எத்தனையாவது பைட்டில் இருக்கிறோம் என்று சொல்லும் ஒரு ஆஃப்செட் எண்ணை வைத்துக்கொண்டு, அந்த இடத்திலிருந்து ஸ்பேன் (நகல் எடுக்காமல் பஃபரின் ஒரு பகுதியைச் சுட்டுவது) எடுத்து பைனரிபிரிமிட்டிவ்ஸ்.ரீட்இன்ட்32பிக்எண்டியன் என்பதற்குக் கொடுங்கள். பிறகு ஆஃப்செட்டை 4 கூட்டுங்கள். யூனிட்டி 2021.2 முதல் இது கிடைக்கிறது. ஃப்ளோட்டை நேரே படிக்கும் மெத்தட் அங்கே கிடையாது. முதலில் இன்ட்டாகப் படித்து, பிட்கன்வர்ட்டர்.இன்ட்32பிட்ஸ்டுசிங்கிள் மூலம் மாற்றுங்கள். பழைய யூனிட்டி என்றால் நாலு பைட்டையும் முறையே 24, 16, 8, 0 பிட் இடது பக்கம் தள்ளி, 'ஆர்' போட்டுச் சேர்த்தால் போதும். இந்த வழி எந்த மெஷினிலும் ஒரே விடைதான் தரும்.

மாற்றிய பிறகு யூனிட்டியின் புரொஃபைலரைத் திறந்து, பாக்கெட் படிக்கும் ஃபங்ஷனுக்கு எதிரே 'ஜிசி அலாக்' (புதிதாக ஒதுக்கிய நினைவகம்) பத்தியைப் பாருங்கள். அங்கே 0 பைட் என்று காட்டவேண்டும்.

கேள்வி: யூனிட்டியிலிருந்து ஒரு பைட்டில் 200 அனுப்பினால் ஜாவா சர்வரில் -56 என்று தெரிகிறது.
- வாசகர், ஓசூர்

பதில்: ஜாவாவின் பைட் -128 முதல் 127 வரைதான். படித்த பைட்டை 255-உடன் 'ஆண்ட்' செய்து இன்ட்டில் வையுங்கள். பல பைட்டுகளைத் தள்ளிச் சேர்க்கும்போதும் ஒவ்வொரு பைட்டுக்கும் இதைச் செய்யவேண்டும். விட்டுவிட்டால், குறி பிட் (எண் நெகட்டிவா என்று சொல்லும் பிட்) மேலே பரவி, மேல் பைட்டுகளை எல்லாம் 1-களால் நிரப்பிவிடும். 127-க்கு உட்பட்ட எண்களை வைத்தே டெஸ்ட் செய்தால் இந்தப் பிழை சிக்காது.

கேள்வி: எங்கள் கேமும் சர்வரும் பேசுவது டிசிபி (பைட்டுகளை வரிசையாகக் கொண்டுசேர்க்கும் நெட்வொர்க் முறை) இணைப்பில். வீட்டு வைஃபையில் சரியாக ஓடுகிறது. மொபைல் டேட்டாவில் சிறிது நேரம் ஆடியதும் எல்லா எண்ணும் ஒரேயடியாகக் குளறுகிறது.
- வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: ஒரு முறை அனுப்பியது ஒரே ரீடில் முழுதாக வரும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். டிசிபி அப்படி உத்தரவாதம் தருவதில்லை. 40 பைட் அனுப்பினால் 23 முதலில் வரலாம், மீதி 17 அடுத்த செய்தியின் தொடக்கத்தோடு ஒட்டியும் வரலாம். ஒரு பைட் நழுவினாலும் பின்னால் வருவதெல்லாம் தப்பான எல்லையில் படிக்கப்படும்.

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 2 பைட்டில் அனுப்புங்கள். முதலில் அந்த 2 பைட்டும் சேரும்வரை ரீட் செய்யுங்கள் (அதுவும் ஒவ்வொன்றாக வரலாம்). பிறகு அந்த நீளம் நிரம்பும்வரை லூப்பில் ரீட் செய்யுங்கள். ரீட் 0 தந்தால் எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். அங்கே லூப்பை விட்டு வெளியேறாவிட்டால் கேம் உறைந்துவிடும். வந்த நீளத்தை அப்படியே நம்பவும் கூடாது. உங்கள் கேமின் மிகப் பெரிய செய்தி 512 பைட் என்றால், அதற்கு மேல் சொல்லும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். ஃப்ளோட் என்றால் 'நான்' (எண் அல்ல) மதிப்பா என்று சோதித்த பிறகே பொருளின் இடத்தில் போடுங்கள்.

கேள்வி: பாக்கெட்டை இன்னும் சிறிதாக்க முடியுமா?
- வாசகர், அரூர்

பதில்: முடியும். 1000 மீட்டர் ஓடுபாதையை 2 பைட்டில் 65,535 படிகளாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 1.5 சென்டிமீட்டர். கோணத்துக்கு 1 பைட் போதும். ஒரு படி 1.4 டிகிரி. எண்ணாக்கும்போது தசமத்தை வெட்டாமல் அருகிலுள்ள முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்யுங்கள். வெட்டினால் எல்லாப் பொருளும் ஒரே பக்கம் சற்று விலகி நிற்கும். கோணம் ரவுண்ட் ஆகி 256 வந்தால் அதை 0 ஆக்கிவிட்டு அனுப்புங்கள்.