கொலையைக் கண்ணால் பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தால் குற்றமா?

கேள்வி கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களுக்கு முன் ஓர் இரவு, மொட்டை மாடியில் நின்றிருந்தவர் கீழே தெருவில் இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை வெட்டுவதைப் பார்த்திருக்கிறார். வெட்டியவர்களில் ஒருவனை அவருக்குத் தெரியும். போலீஸ் வந்தது, உடலை எடுத்துப் போனது, மறுநாள் வீடு வீடாக விசாரித்தது. அப்பா "நாங்க தூங்கிட்டோம் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார், இவரை யாரும் கேட்கவில்லை. சட்டப்படி நான் மாட்டுவேனா, அப்படியே மாட்டாவிட்டாலும் நான் செய்தது சரியா என்பது கேள்வி.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வக்கீல். முதலில் சட்டத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் "பார்த்ததைச் சொல்லணும்னு எந்தச் சட்டத்தில இருக்கு" என்று தைரியமாகப் பேசுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 39-வது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 33-வது பிரிவு. கொலை, கொள்ளை, பணம் கேட்டு ஆள் கடத்தல் போன்ற ஒரு பட்டியல் குற்றங்கள் நடந்ததோ நடக்கப்போவதோ உங்களுக்குத் தெரிந்தால், நியாயமான காரணம் இல்லாமல் அதைப் போலீசிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ சொல்லாமல் இருக்கக் கூடாது. நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதுதான். சொல்லக் கடமைப்பட்டவர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டத்தின் 239-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இந்தப் பிரிவு பெரிதாகக் கடிக்காது. அந்தக் கடமை, குற்றம் நடந்த செய்தி போலீசுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வைத்தது. செய்தி வேறு வழியில் அன்றிரவே போய்விட்டது. அதற்கு அப்புறமும் உங்கள் மீது வழக்குப் போட்டு நிறுத்துவது மிகக் கடினம், மாடியில் நின்று பார்த்தவர் மீது இந்தப் பிரிவில் வழக்குப் போட்டு நான் பார்த்ததும் இல்லை. அதனால் ஜெயிலுக்குப் போவோமோ என்று தூக்கம் கெட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் உங்களையே கேட்டால் நிலைமை மாறிவிடும். வழக்கு பற்றி விசாரணை அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு, உங்களையே குற்றவாளியாக்கக்கூடிய பதிலைத் தவிர, உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 180-வது பிரிவு சொல்கிறது. பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்றால் அது பொய்த் தகவல், அதற்குத் தண்டனையும் கூடுதல். அப்பா உண்மையிலேயே தூங்கியிருந்தால் அவர் சொன்னது சரி. நீங்கள் அப்படிச் சொல்ல முடியாது.

சரி, சட்டம் விட்டுவிட்டது. அதோடு தீர்ந்ததா? சட்டத்தில் ஓட்டை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் மேலே சொன்ன 33-வது பிரிவின் பட்டியலில் பாலியல் வன்கொடுமை இல்லை. உணவுக் கலப்படம் இருக்கிறது, கள்ள நோட்டு இருக்கிறது, வயது வந்த ஒரு பெண் மீது நடக்கும் பாலியல் வன்கொடுமை இல்லை. 2023-ல் சட்டத்தைப் புதிதாக எழுதியபோதும் சேர்க்கவில்லை. எனக்கு இது இன்றுவரை ஆத்திரமூட்டும் விஷயம். பாதிக்கப்பட்டது 18 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் மட்டும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு எல்லோரையும் கட்டும், தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு, நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது யாரும் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பும் அதிலேயே இருக்கிறது. அப்படியானால் 19 வயதுப் பெண்ணுக்கு நடந்ததைப் பார்த்தவருக்குக் கடமையே இல்லையா? சட்டப் புத்தகத்தை மட்டும் புரட்டினால் இல்லை. எந்த மனிதராவது இதை ஏற்றுக்கொள்வாரா?

அமெரிக்காவில் இந்த இடைவெளி ரொம்பக் கோரமாக வெளிப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. 1997 மே மாதம், நெவாடா மாநிலத்தில் ஒரு சூதாட்ட விடுதியின் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுமியை ஓர் இளைஞன் கொன்றான். கூட வந்த நண்பன் அவன் அந்தக் குழந்தையின் வாயைப் பொத்திப் பிடித்திருந்ததைத் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தான், பிறகு வெளியே போய்விட்டான். கொன்றவன் வந்து நடந்ததைச் சொன்ன பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. கொன்றவனுக்கு ஆயுள் சிறை. நண்பன் மீது வழக்கே போட முடியவில்லை, ஏனென்றால் அப்போது அங்கே சொல்லியாக வேண்டும் என்ற சட்டமே இல்லை. அவன் படித்துக்கொண்டிருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் அவனை வெளியேற்றச் சொல்லிப் போராடினார்கள், நிர்வாகம் முடியாது என்றது. நெவாடாவும் கலிபோர்னியாவும் பின்னால் இதற்காகவே சட்டம் கொண்டுவந்தன. அவன் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பது உண்மை. அதைச் சொல்லி அவனை மன்னித்துவிட யாராலும் முடியவில்லை.

உடனே சிலர், ஓடிப்போய்க் கத்தியைப் பிடுங்கச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருந்த பெண்ணை வெட்டிவிட்டு ஒருவன் போனான், பிளாட்பாரத்தில் ஆட்கள் இருந்தார்கள். தமிழ்நாடே அவர்களைத் திட்டியது. நான் திட்டவில்லை. அரிவாளோடு நிற்பவன் முன்னால் உடம்பு உறைந்துபோவது கோழைத்தனம் ஆகாது. உதவாமல் போவதைக் குற்றமாக்கி ஐந்தாண்டு வரை சிறை வைத்திருக்கும் பிரான்ஸ்கூட, தனக்கும் பிறருக்கும் ஆபத்தில்லாமல் உதவ முடிந்தால்தான் என்று வரம்பு போட்டிருக்கிறது. நம் சட்டம் இன்னொருவர் உயிரைக் காக்கத் தாக்குபவனை எதிர்க்கும் உரிமையைத் தருகிறது, கண்ணெதிரே பெரிய குற்றம் செய்தவனைப் பிடித்து ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்கவும் அனுமதிக்கிறது. உரிமை, அனுமதி, அவ்வளவுதான். கட்டாயம் எங்கேயும் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பெண்ணின் உடல் சுமார் இரண்டு மணி நேரம் அந்தப் பிளாட்பாரத்திலேயே கிடந்தது, நிலையத்தில் ஒரு கேமரா இல்லை, கொலையாளி என்று ஒருவரைக் கைது செய்ய ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரத்தில்தான் பார்த்தவர்களுக்கு வேலை இருந்தது. கத்தியும் ரத்தமும் இல்லாத வேலை, பார்த்ததை வாய் திறந்து சொல்கிற வேலை.

உங்கள் நிலையும் அதுதான் என்று நினைக்கிறேன். ஒருவர் வெட்டுப்பட்டுச் செத்தார் என்ற தகவல் யாரிடம் வேண்டுமானாலும் கிடைக்கும். வெட்டியது இன்னார் என்பது ஒருவேளை உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. வேறு சாட்சி இல்லாத கொலை வழக்கில் என்ன நடக்கும் என்பதை நான் கிட்டத்தில் இருந்து பார்க்கிறேன். செத்தவரோடு முன்விரோதம் இருந்தவர், கடைசியாக போனில் பேசியவர், ஏற்கெனவே ஸ்டேஷனில் பெயர் இருக்கிறவர் என்று தேடுவார்கள். அதில் சம்பந்தமே இல்லாத ஒருவர் மாதக்கணக்கில் ரிமாண்டில் கிடக்கலாம். நீங்கள் பேசாமல் இருப்பது கொன்றவனைக் காப்பாற்றுவதோடு நிற்காது, கொல்லாத ஒருவனை உள்ளே வைக்கவும் செய்யும். சட்டம் உங்களை விட்டாலும் நான் உங்களைப் போய்ச் சொல்லச் சொல்வது இதனால்தான்.

பயம் நியாயமானது, அதை லேசாகப் பேச மாட்டேன். சாட்சி சொல்ல வருகிறவரை நம் நீதிமன்றங்கள் நடத்தும் விதம் வெட்கக்கேடு. சம்மன் வாங்கிக்கொண்டு காலையில் வந்து வராண்டாவில் நின்று, மாலையில் வாய்தா என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். வந்த சாட்சியை விசாரிக்காமல் தள்ளி வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, நடப்பது வேறு. எதிரிகள் வீடு தேடி வருவார்கள் என்ற பயமும் பொய்யில்லை. முதலில் சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சிகளில் பாதிப் பேர் காசுக்காக மாறியவர்கள் இல்லை, பயந்து மாறியவர்கள்.

ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018 என்று ஒன்று இருக்கிறது, அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்கச் சட்டமாகவே பின்பற்றச் சொன்னது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனு கொடுத்தால், ஆபத்து எவ்வளவு என்று போலீசிடம் அறிக்கை வாங்கி, வீட்டுப் பக்கம் ரோந்து, கேமரா, மூடிய அறையில் விசாரணை, தேவைப்பட்டால் அடையாளத்தை மறைப்பது வரை உத்தரவு போடலாம். நடைமுறையில் மெதுவாகத்தான் நகரும், ஒரு வக்கீல் பின்னாலேயே நின்று துரத்த வேண்டும். துரத்தினால் கிடைக்கிறது. சாட்சியை மிரட்டிப் பொய் சொல்ல வைப்பதும் தனிக் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் இன்றைக்கே, நினைவில் இருப்பதை எழுதி வையுங்கள்: தேதி, நேரம், தெருவிளக்கு எரிந்ததா, எவ்வளவு தூரம், யார் எந்தப் பக்கம் ஓடினார்கள். தெரியாததைச் சேர்க்க வேண்டாம், குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். தனியாக ஸ்டேஷனுக்குப் போகாமல் ஒரு வக்கீலோடு டி.எஸ்.பி. அல்லது உதவி கமிஷனர் அளவில் உள்ள அதிகாரியைப் பாருங்கள். போலீஸ் எழுதும் சாட்சி வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது, கேட்டாலும் மறுக்கலாம். மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதிவு செய்ய ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், கொலை போன்ற பெரிய வழக்கில் போலீஸ் அழைத்துவரும் சாட்சியிடம் மாஜிஸ்திரேட் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அது பதிவாகிவிட்டால் உங்களை மிரட்டி வாயை மூடுவதில் எதிரிக்கும் லாபம் குறைந்துவிடும்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நிச்சயம் கேட்பார்கள். தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக நீதிமன்றம் சாட்சியத்தைத் தள்ளிவிடாது, தாமதத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். உயிர்ப் பயம் என்பது விளக்கம்தான். அதை மறைக்காமல் முதல் வாக்குமூலத்திலேயே சொல்லிவிடுங்கள்.