வாக்குப்பதிவு நாள் அமைதியாக இருந்தால் போதுமா? தேர்தல் வன்முறை பற்றிக் கேள்வி பதில்

தேர்தல் வன்முறை பற்றியும் அதையொட்டி நடக்கும் மனித உரிமை மீறல்கள் பற்றியும் டெல்லித் தமிழர்கள் சிலர் அனுப்பிய கேள்விகள் இவை. இங்குள்ள நீதிமன்றங்களில் மனித உரிமை வழக்குகளை நடத்திவருகிறவள் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

ஜனக்புரி, ஓய்வுபெற்ற அரசு அலுவலர்: வணக்கம் அம்மா. பணிக்காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். தோற்றவர்களின் கோபமும் ஜெயித்தவர்களின் மிதப்பும் மோதிக்கொள்வதுதான் தேர்தல் கலவரம் என்று நினைக்கிறேன். நீங்களோ இதைத் திட்டமிட்ட குற்றம் என்கிறீர்கள்.

வணக்கம் ஐயா. கோபம் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் கோபத்தில் தெருவுக்கு வந்தவனுக்கு எந்த வீட்டைக் கொளுத்த வேண்டும் என்று எப்படித் தெரிகிறது? அங்கேதான் திட்டம் வெளிப்படுகிறது.

கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று வாக்குப்பதிவு நடந்தது. எண்ணிக்கை இழுத்துக்கொண்டே போனது. டிசம்பர் 30 மாலை அப்போதைய அதிபர் ம்வாய் கிபாக்கியே வென்றதாக அறிவித்தார்கள். அவசர அவசரமாகப் பதவிப் பிரமாணமும் அன்றே முடிந்துவிட்டது. நாடு பற்றி எரியத் தொடங்கியது. ஜனவரி 1 அன்று எல்டொரெட் அருகே கியாம்பாவில், தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்த பெண்களையும் குழந்தைகளையும் உள்ளே வைத்தே தீவைத்தார்கள். நீதிபதி வாக்கி தலைமையிலான விசாரணை ஆணையம் 1,133 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. சில இடங்களில் மக்களே கொதித்தெழுந்தார்கள் என்றும், வேறு இடங்களில் அரசியல்வாதிகளும் பணம் படைத்தவர்களும் ஆள்திரட்டி நடத்தினார்கள் என்றும் அது பிரித்துச் சொன்னது. இறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் துப்பாக்கிக் குண்டுபட்டு இறந்தவர்கள். காக்க வேண்டிய காவல்துறையே சுட்டதை அந்த அறிக்கை மறைக்கவில்லை.

ஜிம்பாப்வேயில் திட்டம் இன்னும் வெளிப்படையாக இருந்தது. 2008 மார்ச் 29 முதல் சுற்றில் எதிர்க்கட்சித் தலைவர் மார்கன் சாங்கராய் 47.9 விழுக்காடும் அதிபர் முகாபே 43.2 விழுக்காடும் பெற்றார்கள். யாரும் பாதியைத் தாண்டாததால் ஜூன் 27இல் இரண்டாம் சுற்று என்று முடிவானது. இடைப்பட்ட வாரங்களில் எதிர்க்கட்சிக்கு வாக்களித்த கிராமங்களாகத் தேடிப்போய் அடித்தார்கள், கொன்றார்கள். இதற்குமேல் என் மக்களை வாக்களிக்கச் சொல்ல முடியாது என்ற நிலையில் ஜூன் 22 அன்று சாங்கராய் விலகினார். முகாபே எதிராளி இல்லாத களத்தில் வென்றார். இதைக் கோபம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை ஐயா.

நொய்டா, மென்பொருள் பணியாளர்: அக்கா, ‘வாக்குப்பதிவு அமைதியாக நடந்து முடிந்தது’ என்று செய்தி வந்தால் தேர்தல் நியாயமாக நடந்தது என்றுதானே பொருள்?

இல்லை தம்பி. அந்த ஒரு நாளில்தான் மத்தியப் படை, பார்வையாளர், கேமரா எல்லாம் இருக்கின்றன. கெடுக்க நினைப்பவன் அதற்கு முன்பே முடித்துவிடுவான், அல்லது எல்லோரும் போன பிறகு வருவான்.

முன்பே முடிப்பதற்குப் பிலிப்பைன்ஸ் சாட்சி. 2009 நவம்பர் 23 அன்று மகிந்தனாவ் மாகாணத்தில் ஒருவருக்காக வேட்புமனு தாக்கல் செய்யப் போன அணியை வழிமறித்து 58 பேரைக் கொன்றார்கள். பெண்களையும் பத்திரிகையாளர்களையும் தாக்க மாட்டார்கள் என்று நம்பி, வேட்பாளர் தன் குடும்பப் பெண்களையும் நிருபர்களையும் அனுப்பியிருந்தார். இறந்தவர்களில் 32 பேர் பத்திரிகைத் துறையினர். வாக்குப்பதிவுக்கு இன்னும் மாதங்கள் இருந்தன.

பிறகு வருவதற்கு நைஜீரியா. 2011 ஏப்ரலில் அதிபர் தேர்தல் முடிவுக்குப் பின் வட மாநிலங்களில் மூன்றே நாள்களில் 800 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். தேர்தல் பணிக்கு வந்திருந்த தேசிய சேவைத் திட்ட இளைஞர்களும் அதில் அடக்கம். இங்கே மேற்கு வங்கத்தில் 2021 மே 2 அன்று முடிவுகள் வந்தபின் நடந்த கொலை, பாலியல் வன்முறை வழக்குகளைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 19 அன்று மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

நம் மதுரை மாவட்டத்து மேலவளவை மறக்க முடியுமா? உள்ளாட்சித் தேர்தல்தான், ஆனால் பாடம் ஒன்றே. ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதற்காக மிரட்டினார்கள்; தேர்தல் தள்ளிப்போனது. காவல்துறைப் பாதுகாப்போடு ஒருவழியாக வாக்குப்பதிவு நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் உடன் வந்தவர்களையும் ஓடும் பேருந்தை நிறுத்தி வெட்டிக் கொன்றார்கள். பாதுகாப்பு வாக்குச்சாவடியோடு முடிந்துவிட்டது, பகை முடியவில்லை.

மயூர் விகார், இல்லத்தரசி: எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். ‘உங்கள் காலனி வாக்கு எந்தப் பக்கம் போகிறது என்று எண்ணிக்கையன்று பார்த்துக்கொள்கிறோம்’ என்று மிரட்டுகிறார்களாம். வாக்கு ரகசியம்தானே, எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும் அம்மா. உங்கள் ஒருவருடைய வாக்கு யாருக்கும் தெரியாது. யாருக்கு வாக்களித்தீர்கள் என்று நீதிமன்றம்கூட உங்களைக் கட்டாயப்படுத்திக் கேட்க முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் உங்கள் தெருவின் வாக்கு தெரிந்துவிடும். எண்ணும்போது ஒவ்வொரு வாக்குச்சாவடியின் இயந்திரத்தையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். சாவடிவாரியாக 20ஆம் எண் படிவத்தில் வெளியிடுகிறார்கள். ஒரு சாவடிக்கு ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். அது முழுவதும் ஒரே காலனியாக இருந்தால், அந்தக் காலனி யாருக்குப் போட்டது என்பதைக் கண்டுபிடிக்க அறிவாளி தேவையில்லை.

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். மிரட்டல் இருக்கும் இடங்களில் பல சாவடிச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணலாம் என்று விதி 59ஏ அனுமதித்தது. இயந்திரம் வந்தபின் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. பல இயந்திரங்களை இணைத்து மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. சாவடிவாரிக் கணக்கு தெரிந்தால்தான் எங்கே முறைகேடு நடந்தது என்று பிடிக்க முடியும் என்ற எதிர்வாதமும் இருக்கிறது. அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் தண்ணீர்க் குழாயையும் நூறு நாள் வேலையையும் நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலுக்குள் வாழ்கிற மக்களை நேரில் பார்த்தவள் நான். என் ஓட்டு டோட்டலைசருக்குத்தான்.

உங்கள் ஊரார் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மிரட்டலுக்கு ஆளாகும் குடியிருப்புகளை முன்கூட்டியே கண்டறிந்து பட்டியலிடும் கடமை தேர்தல் ஆணையத்துக்கு இருக்கிறது. யார் மிரட்டினார், எந்தத் தேதி, எந்தத் தெரு என்று எழுதி மாவட்டத் தேர்தல் அலுவலரிடமும் பொதுப் பார்வையாளரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். வாக்குப்பதிவு முடிந்தபின் கொடுக்கும் புகாரைவிட இதற்கு வலு அதிகம்.

கரோல் பாக், கல்லூரி மாணவர்: இந்தியாவில் தேர்தலையொட்டி நடந்த மிகப் பெரிய படுகொலை எது?

அசாமின் நெல்லி. 1983 பிப்ரவரி 18. அயலார் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்காமல் தேர்தல் நடத்தக் கூடாது என்று அசாம் இயக்கம் புறக்கணிப்பு அறிவித்திருந்தது. தேர்தலை நடத்தியே தீருவது என்று மத்திய அரசு நின்றது. இரண்டுக்கும் நடுவில் மாட்டியவர்கள் நெல்லியைச் சுற்றியிருந்த கிராமங்களின் வங்காள வழி முஸ்லிம்கள். சில மணி நேரத்தில் அரசுக் கணக்கின்படியே 1,819 பேர் கொல்லப்பட்டார்கள். ஓட முடியாத பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். இறந்தவர் குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். மத்திய அரசு அசாம் இயக்கத்தோடு செய்துகொண்ட 1985 அசாம் ஒப்பந்தத்துக்குப் பிறகு வழக்குகள் கைவிடப்பட்டன. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. இந்த வரியை எழுதும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது. பள்ளிப் பாடநூலில் நெல்லி ஏன் இல்லை என்று உங்கள் ஆசிரியர்களிடம் கேளுங்கள்.

முனீர்கா, இலங்கைத் தமிழ் ஆய்வு மாணவி: யாழ்ப்பாண நூலக எரிப்பை இனவெறி என்றே பேசுகிறோம். அதைத் தேர்தல் வன்முறை என்றும் சொல்லலாமா அக்கா?

சொல்ல வேண்டும் அம்மா. 1981 ஜூன் 4 அன்று மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். மே 31 அன்று தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேர்தல் கூட்டத்தில் போலீஸார் சுடப்பட்டார்கள். அன்றிரவே போலீஸார் வெறியாட்டத்தில் இறங்கினார்கள். கூட்டணியின் அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடு, ஈழநாடு பத்திரிகை அலுவலகம் எரிந்தன. நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் அந்த நாள்களில்தான் சாம்பலாயின. கட்சி அலுவலகம், மக்கள் பிரதிநிதி, பத்திரிகை, அறிவு. ஒரு சமூகம் அரசியல் செய்யத் தேவையான ஒவ்வொன்றையும் தேடி எரித்திருக்கிறார்கள்.

அதே அளவுகோலை நம் பக்கமும் வைக்க வேண்டும். 2005 அதிபர் தேர்தலில் விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பாலும் அச்சத்தாலும் யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ ஒன்றேகால் விழுக்காடு மட்டுமே. மகிந்த ராஜபக்ச நாடு முழுவதிலும் வென்ற வித்தியாசம் சுமார் 1,80,000 வாக்குகள். வாக்குச்சாவடிக்குப் போகவிடாமல் தடுப்பதும் உரிமைப் பறிப்புதான், தடுப்பவர் யாராக இருந்தாலும்.

ஆர்.கே.புரம், ஆசிரியர்: சேஷன் மாதிரி ஒருவர் வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

தலைமைத் தேர்தல் ஆணையராக 1990 முதல் 1996 வரை அவர் செய்தது பெரிய காரியம். சட்டத்தில் இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். ஆனால் தேர்தல் ஆணையர் தேர்தலைத்தான் நிறுத்த முடியும், கொலையாளியைத் தண்டிக்க முடியாது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றுவது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135ஏ பிரிவின்படி ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம்; அரசு ஊழியர் செய்தால் மூன்றிலிருந்து ஐந்தாண்டு. 2024 ஏப்ரல் 19 அன்று மணிப்பூரில் துப்பாக்கிச்சூடும் இயந்திர உடைப்பும் நடந்த பிறகு 11 சாவடிகளில் ஏப்ரல் 22இல் மறுவாக்குப்பதிவு நடத்தினார்கள். ஆணையத்தின் கை அதுவரை நீளும். அதன்பின் காவல்துறையும் நீதிமன்றமும்தான்.

நரேலா, வீட்டுவேலை செய்யும் பெண்: ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூனில் இடிக்கப்பட்டபின் இங்கே வந்தோம். எங்கள் ஓட்டு என்னவாகும் அக்கா?

தானாக மாறாது தங்கச்சி. 8ஆம் எண் படிவம் கொடுத்து முகவரியை மாற்றுங்கள். பணம் எதுவும் கட்ட வேண்டாம். வீடு கிடைக்காமல் வெளியில் தங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் சொல்லுங்கள்: முகவரிச் சான்று இல்லையென்பதற்காக வீடற்றவரைச் சேர்க்க மறுக்க முடியாது. அவர் உண்மையில் அங்கேதான் உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்தால் போதும். விரட்டப்பட்ட காஷ்மீரிகளுக்காக டெல்லியிலேயே சிறப்பு வாக்குச்சாவடி வைக்கிறார்கள். மணிப்பூரில் 2024இல் நிவாரண முகாம்களிலேயே வாக்களிக்க வைத்தார்கள். ஆகவே இடம்பெயர்ந்தவருக்கு ஏற்பாடு செய்ய முடியாது என்று எந்த அலுவலர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நொய்டா, அதே மென்பொருள் பணியாளர்: கென்யாவில் யாராவது தண்டிக்கப்பட்டார்களா? சர்வதேச நீதிமன்றம் போனதே?

போனது. அரசியல்வாதிகளான உகுரு கென்யாட்டா, வில்லியம் ரூட்டோ உள்ளிட்டோர் மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் வழக்கு நடத்தியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2013 தேர்தலில் இருவரும் சேர்ந்து நின்று அதிபரும் துணை அதிபரும் ஆனார்கள். சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். கென்யாட்டா மீதான குற்றச்சாட்டு 2014 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. ரூட்டோ வழக்கு 2016 ஏப்ரலில் முடித்துவைக்கப்பட்டது. ஆனால் கென்ய மக்கள் 2010இல் புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தார்கள். அதன் உச்ச நீதிமன்றம் 2017 செப்டம்பர் 1 அன்று அதிபர் தேர்தலையே செல்லாது என்று அறிவித்தது. பிலிப்பைன்ஸின் மகிந்தனாவில் பத்தாண்டு கழித்து, 2019 டிசம்பரில், படுகொலையின் சூத்திரதாரிகளுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சாட்சியைக் கடைசிவரை காப்பாற்ற முடிகிறதா என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது.

லட்சுமி நகர், இதழியல் மாணவர்: வன்முறையை மொபைலில் பதிவு செய்தால் என்ன செய்ய வேண்டும் மேடம்?

முதலில் உங்கள் உயிர். பாதுகாப்பான இடத்துக்கு வந்தபின் மூலப் பதிவை வெட்டாமல், பெயர் மாற்றாமல் இரண்டு இடங்களில் சேமியுங்கள். பாதிக்கப்பட்டவரின் முகம் தெரியும் காட்சியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அடித்தவன் அதைப் பார்த்துத்தான் சாட்சியைத் தேடுவான். தேர்தல் காலத்தில் ஆணையத்தின் சிவிஜில் செயலியில் பெயர் சொல்லாமலே புகார் செய்யலாம். அதில் செயலிக்குள் எடுத்த படம் மட்டுமே ஏறும் என்பதால் அங்கேயே எடுக்க வேண்டும். 1950 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

காவல் நிலையம் ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்றால், எந்த நிலையத்திலும் வழக்குப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால், அல்லது அடித்ததே போலீஸாக இருந்தால், தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுங்கள். சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். தேதி, நேரம், இடம், யார் யார் பார்த்தார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.