வசந்தத்தில் ஸ்வீடன் போனால் பறவைகளுக்கு வளையமிடும் நிலையத்தைப் பார்க்கப் போகலாமா?

கேள்வி இது: "மே மாதம் ஸ்வீடன் போகிறேன். பறவைகள் வலசை வரும் காலம் என்கிறார்கள். வலை கட்டிப் பிடித்து, காலில் வளையம் மாட்டும் இடங்களுக்குப் போவதில் பயன் உண்டா, இல்லை பைனாகுலரோடு சுற்றுவதே மேலா? பறவைக்கு அது துன்பம் இல்லையா?"

போகலாம். ஆனால் நிறையப் பறவை பார்க்கலாம் என்ற எண்ணத்தில் போகாதீர்கள். எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் ஏதாவது ஏரிக்கரையில் உட்காருவதே மேல். நிலையத்தில் கிடைப்பது வேறு. கைக்குள் அடங்கும் ஒரு குருவியின் இறகைப் பிரித்துப் பார்த்து அது போன கோடையில் பிறந்ததா, அதற்கும் முந்தையதா, உடம்பில் இன்னும் எவ்வளவு கொழுப்பு மிச்சம் இருக்கிறது என்று ஒருவர் உங்கள் கண்முன்னே அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். பைனாகுலர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது தெரியாது.

நான் மால்மோவில் வேலை பார்ப்பவன். வளையமிட உரிமம் எனக்கு இல்லை. ஸ்வீடனில் அதற்குப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். வசந்தத்தில் வார இறுதிகளில் போய், துணிப்பைகளைத் தூக்குவது, குறிப்பேட்டில் எழுதுவது, நடுவில் கேள்வி கேட்டுத் தொல்லை கொடுப்பது, இவைதான் என் வேலை. எனவே நிபுணர் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மால்மோவுக்குப் பக்கத்தில் ஃபால்ஸ்டர்பூ இருக்கிறது. நாட்டின் தென்மேற்கு மூலை. அங்கே பழைய கலங்கரை விளக்கம் ஒன்று கோல்ஃப் மைதானத்துக்கு நடுவே நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள சின்னத் தோப்பில்தான் வலைகள். அந்த ஊர் பெயர் வாங்கியது இலையுதிர் காலத்துக்கு. வசந்தத்துக்கு என்று கேட்டால் நான் கிழக்கே பால்டிக் கடலில் நீளவாக்கில் கிடக்கும் ஓலாந்து தீவைத்தான் சொல்வேன். அதன் தென்முனையில் ஓட்டன்பி. 1946 முதல் அங்கே பறவை நிலையம் இயங்குகிறது. தெற்கிலிருந்து இரவில் கடலைக் கடந்து வரும் பறவைக்கு முதலில் தட்டுப்படும் தரை அந்த முனைதான். ஒரு பெரிய வெள்ளைக் கலங்கரை விளக்கம், அதன் தோட்டத்தில் கொஞ்சம் புதர், சுற்றிலும் ஆடு மாடு மேயும் வெற்று நிலம். ஒதுங்க இடம் தேடும் குருவிக்கு அந்தப் புதர்களை விட்டால் வேறு வழியில்லை. வலையும் அங்கேதான் இருக்கிறது.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். விடியுமுன்பே வலைகளை விரித்துவிடுவார்கள். மெல்லிய கறுப்பு நைலான் நூல். புதர்ப் பின்னணியில் நமக்கே கண்ணில் படாது. குறுக்கே சில கயிறுகள் ஓடும், அவற்றுக்கு இடையே வலை தொய்ந்து பை போலத் தொங்கும். பறவை மோதியதும் அந்தத் தொய்வில் விழுந்து கிடக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் சுற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். யாருக்கும் காபி குடிக்க நேரம் இல்லாவிட்டாலும் சுற்று தவறக்கூடாது. வலையிலிருந்து எடுப்பதுதான் கடினமான கலை. எந்தப் பக்கமிருந்து உள்ளே வந்தது என்று கண்டுபிடித்து, கால்களை முதலில் விடுவித்து, அப்புறம் இறக்கை, தலை. அவசரப்பட்டால் சிக்கல் கூடும். எடுத்த பறவை துணிப்பைக்குள் போகும். இருட்டில் அது அமைதியாகிவிடும்.

மேசையில் முதல் வேலை வளையம். அலுமினிய வளையத்தில் எண்ணும், ஸ்டாக்ஹோம் இயற்கை அருங்காட்சியகத்தின் பெயரும் இருக்கும். ஒவ்வொரு இனத்தின் கால் தடிமனுக்கும் தனி அளவு. டென்மார்க்கின் விபோர்க் ஊரில் மோர்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் 1899இல் ஸ்டார்லிங் பறவைகளுக்கு இப்படி எண் போட்ட வளையம் மாட்டியதில் தொடங்கியது இந்த முறை. அதற்கு முன் அவர் துத்தநாகத்தில் செய்து பார்த்தார். கனம் அதிகம் என்று விட்டுவிட்டார். அலுமினியம் பிழைத்துக்கொண்டது.

அப்புறம் இறக்கையின் நீளம், எடை. எடை போட, பறவையைத் தலைகீழாக ஒரு குழாய்க்குள் நுழைத்துத் தராசில் வைப்பார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். பறவை அசையாது. ஏப்ரலில் வரும் கோல்ட்கிரெஸ்ட் என்ற குருவி நம் ஐந்து ரூபாய் நாணயத்தின் எடைக்கு மேல் இருக்காது, சுமார் 5 முதல் 6 கிராம். அதுவும் இரவில் கடலைத் தாண்டித்தான் வந்திருக்கிறது.

எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது. வளையமிடுபவர் பறவையின் மார்பு, வயிற்று இறகுகளை மெல்ல ஊதுவார். இறகு விலகினால் தோல் தெரியும், கண்ணாடித்தாள் மாதிரி மெலிதாக. கழுத்துக்குக் கீழே எலும்பு கவையாகப் பிரியும் குழியிலும் வயிற்றிலும் மஞ்சளாகக் கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவார். சில பறவைகளுக்குக் குழி நிறைந்து பிதுங்கும். அவை இன்றிரவே கிளம்பிவிடும். சிலவற்றுக்கு ஒன்றுமே இருக்காது, நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்தி நிற்கும், தோலுக்கு அடியில் வெறும் சிவப்புச் சதை. அது புதரில் சில நாள் தங்கிப் பூச்சி தின்று தேறினால்தான் மேலே போக முடியும். வரும் வழியில் அது பட்ட பாடு அந்த ஒரு ஊதலில் தெரிந்துவிடுகிறது.

வயது பார்ப்பதும் இறகில்தான். போன கோடையில் பிறந்தது சில கூட்டுப்பருவ இறகுகளை இன்னும் வைத்திருக்கும். அவை பழுப்பேறி, ஓரம் தேய்ந்து, பக்கத்தில் உள்ள புது இறகிலிருந்து ஒரு படி கீழே தெரியும். முதலில் எனக்கு எல்லாம் ஒன்று போலவே தோன்றின. ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகு அதைக் காணாமல் இருக்க முடியவில்லை.

வானிலை பற்றிச் சொல்லாமல் விட்டால் ஏமாந்து போவீர்கள். தெளிவான இரவு, தெற்குக் காற்று, காலையில் நல்ல வெயில் என்றால் சுற்றுலாவுக்கு அருமையான நாள். வலையில் ஒன்றும் இருக்காது. பறவைகள் தலைக்கு மேலேயே பறந்து உள்நாட்டுக் காடுகளுக்குப் போய்விடும். இரவில் கிளம்பி, நடுவழியில் மேகம் கவிந்து, விடிகாலையில் தூறலும் எதிர்க்காற்றுமாக ஆனால்தான் அவை இறங்கும். அப்போது ஏப்ரல் காலையில் புல்தரை முழுக்க ராபின்கள் குதித்துக்கொண்டிருக்கும். ஆனால் மழை வலுத்தாலோ காற்று ஓங்கினாலோ பறவையின் நன்மைக்காக வலையைச் சுருட்டிவிட வேண்டும். ஆக, மோசமான வானிலை வேண்டும், ஆனால் ரொம்ப மோசமாகவும் இருக்கக்கூடாது. நிலையத்தில் இருப்பவர்கள் காலையில் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் அன்று வெயில் என்று அர்த்தம்.

சரி, துன்பம் பற்றி. என் அம்மா தொலைபேசியில் கேட்டதும் இதேதான்: "அத்தனை தூரம் பறந்து வந்த குருவியைப் பிடிச்சு வெச்சு என்னடா பண்றீங்க? பாவம்டா." பாவம்தான், மறுக்கவில்லை. பறவை பயப்படுகிறது, இதயம் படபடப்பது விரலில் தெரியும். அதற்குக் கொஞ்ச நேரமும் வீணாகிறது. ஆனால் காயமும் சாவும் எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வட அமெரிக்க நிலையங்களில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிடிப்புகளை வைத்து 2011இல் வந்த ஆய்வு ஒன்றில் காயமடைந்தவை 0.59 சதவீதம், இறந்தவை 0.23 சதவீதம். சுழியம் இல்லை. அதனால்தான் பயிற்சி இல்லாதவர் கையில் வலையைக் கொடுப்பதில்லை. பறவையோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டும் இடங்களை நான் ஆதரிக்கவில்லை. நல்ல நிலையத்தில் கையில் வைத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் முதல் விதி. பார்வையாளர் யாராவது "இன்னொரு படம்" என்றால் வளையமிடுபவர் காது கேளாதவர் போலப் பறவையை விட்டுவிடுவார். எனக்கு அது பிடிக்கும்.

இந்தச் சிறு துன்பத்துக்கு ஈடாக என்ன கிடைக்கிறது? பலர் நினைப்பது, வளையம் போட்ட குருவி ஆப்பிரிக்காவில் எங்கோ கிடைத்து, அங்கிருந்து கடிதம் வரும் என்று. அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் சிறு குருவிகளில் நூற்றில் ஒன்றுகூடத் திரும்பக் கிடைப்பதில்லை. பயண வழியை அறிய இப்போது முதுகில் கட்டும் நுண்கருவிகள் வந்துவிட்டன. "அப்படியானால் வலையும் வளையமும் எதற்கு?" என்று நானும் கேட்டேன். பதில், அந்த வேலையின் சலிப்பில் இருக்கிறது. ஃபால்ஸ்டர்பூ கலங்கரை விளக்கத் தோட்டத்தில் 1980 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் மார்ச் 21இல் தொடங்கி ஜூன் 10 வரை, அதே தோட்டத்தில், அதே முறையில் பிடிக்கிறார்கள். பறவை வரும் நாள் என்று கூடுதல் வலை கட்டுவதில்லை; வராத நாள் என்று தூங்கப் போவதுமில்லை. புதர் வளர்ந்து தோப்பின் உருவம் மாறினால் எண்ணிக்கையும் மாறிவிடும் என்று செடியைக்கூட வெட்டி ஒரே அளவில் வைத்திருக்கப் பார்ப்பார்கள். எதையும் மாற்றாமல் இருந்தால்தான் எண்கள் மாறும்போது மாறியது பறவைதான் என்று சொல்ல முடியும்.

அதன் பலனுக்கு ஒரு எடுத்துக்காட்டு. 1980களின் தொடக்கம் முதல் 2004 வரை ஸ்காண்டிநேவியாவின் சில நிலையங்களிலும் இத்தாலியின் காப்ரி தீவிலும் சேர்ந்த வசந்தகால எண்களை ஒன்றுகூட்டி 2006இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஐரோப்பாவிலேயே குளிர்காலம் கழிக்கும் பறவைகள் இங்கே வெப்பம் கூடியதும் முன்கூட்டி வரும், அது புரிகிறது. சகாராவுக்குத் தெற்கே இருக்கும் பறவைக்கு இங்குள்ள வெப்பம் எப்படித் தெரியும், அது பழைய தேதியில்தான் கிளம்பும் என்று பலர் நினைத்திருந்தார்கள். எண்கள் வேறு சொல்லின: அவையும் முன்பைவிடச் சீக்கிரம் வருகின்றன. ஏன் என்பதில் அப்புறம் வாதம் நடந்தது, அது தனிக் கதை. தினமும் காலையில் ஒருவர் எழுந்து வலை விரிக்காமல் இருந்திருந்தால் வாதிட எதுவுமே இருந்திருக்காது.

மே மாதத்தில் வலையில் அடிக்கடி சிக்கும் வில்லோ கதிர்க்குருவியைக் கவனித்துப் பாருங்கள். பச்சையும் மஞ்சளுமாக, 9 கிராம் அளவில், பார்வைக்கு ஒரு சாதாரணக் குருவி. தெற்கு ஸ்வீடனில் கூடு கட்டுபவை தென்மேற்காகப் பறந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும். வடக்கு ஸ்வீடனில் கூடு கட்டுபவை தென்கிழக்காக, ஆப்பிரிக்காவின் கிழக்குக்கும் தெற்குக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லை நாட்டின் நடுவே, ஏறத்தாழ 62 பாகை அட்சரேகையில். ஒரே இனம்தான், போகும் கண்டமும் ஒன்றுதான், புறப்படும் திசை மட்டும் வேறு.

நம்மூர்க்காரர் என்பதால் உங்களுக்கு இன்னொன்று. ஸ்காண்டிநேவிய மலைகளில் கூடு கட்டும் ப்ளூத்ரோட், அதாவது நீலத் தொண்டையில் சிவப்புப் புள்ளி உள்ள பறவை, ஆப்பிரிக்காவுக்குப் போவதில்லை. குளிர்காலத்தில் பாகிஸ்தான், இந்தியா பக்கம் வருகிறது. ரோஸ்ஃபிஞ்ச்சும் அப்படியே. பிளித் நாணல் கதிர்க்குருவி இன்னும் நெருக்கம். பின்லாந்தில் நிறையக் கூடு கட்டும் இது, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குளிர்காலம் முழுக்கப் புதருக்குள்ளிருந்து 'டெக், டெக்' என்று கத்திக்கொண்டிருக்கும். கண்ணில் படாது, காதில் மட்டும் விழும். ஓட்டன்பியில் மே கடைசியில் எப்போதாவது ஒன்று வலையில் விழும். மற்றவர்கள் "கிழக்கிலிருந்து வந்த அபூர்வம்" என்று கூடி நிற்பார்கள். எனக்கு அது எங்கள் கொல்லைப்புற வேலிக் குருவி. அந்தப் பெருமையை நான் யாரிடமும் மறைத்ததில்லை.

எப்போது போவது என்பதற்கு: மார்ச் இறுதி, ஏப்ரல் என்றால் ராபின், பாட்டுத் த்ரஷ், கோல்ட்கிரெஸ்ட், கடலில் ஆயிரக்கணக்கில் ஐடர் வாத்துகள். குளிர் எலும்பைத் துளைக்கும். மே முதல் பாதியில் வில்லோ கதிர்க்குருவி, ரெட்ஸ்டார்ட், கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான், நடுவில் ப்ளூத்ரோட். ஆண்கள் முன்னே வரும், பெண்கள் சில நாள் பின்னே. மே கடைசியில் எண்ணிக்கை குறையும், ஆனால் கிழக்கிலிருந்து அபூர்வங்கள் வரும். ஆர்க்டிக் ரஷ்யா போகும் வாத்துக் கூட்டங்களும் அப்போதுதான். ஒரே ஒரு வாரம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மே இரண்டாம் வாரம்.

ஓட்டன்பிக்குக் கால்மார் நகரிலிருந்து பாலம் வழியாகத் தீவுக்குள் நுழைந்து தெற்கே கடைசி வரை போக வேண்டும். கார் இருந்தால் நல்லது. பேருந்தை நம்பினால் விடியலைத் தவறவிடுவீர்கள். அங்கேயே பக்கத்தில் அறை எடுத்துத் தங்குவது உத்தமம். வளையமிடுவதைப் பார்வையாளருக்கு விளக்கும் நேரங்கள் உண்டு. முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; வலைப் பக்கம் தானாக நடந்து போகாதீர்கள். கடலோரப் புல்வெளிகளில் சில பகுதிகள் கூடு கட்டும் காலத்தில் மூடியிருக்கும், பலகையைப் பாருங்கள். மே மாதம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு வந்து நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கம்பளித் தொப்பியும் கையுறையும் எடுத்து வாருங்கள். பைனாகுலரையும் கொண்டு வாருங்கள். வலையில் ஒன்றும் இல்லாத வெயில் நாளில் அதுதான் துணை.