என்ட்ரி லிஸ்ட்ல பாத்து தெரிஞ்சுக்கட்டும்னு விட்டா எப்படிம்மா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு. பெண்கள் டபுள்ஸ் பேட்மின்டன் ஆடுறேன், இதான் என் தொழில். ஆறு வருஷமா ஒரே பார்ட்னர். போன மாசம் அவளுக்கு முழங்கால்ல ஏ.சி.எல்-ங்கற தசைநார் கிழிஞ்சு ஆபரேஷன் ஆச்சு, திரும்பி வர ஒரு வருஷம் கூட ஆகலாம்னு சொல்றாங்க. கோச் 19 வயசு பொண்ணு ஒருத்தியோட ஆடச் சொல்லிட்டாரு. வயசு போயிட்டிருக்கு, இதான் சரின்னு வீட்லயும் சொல்றாங்க. அடுத்த டோர்னமென்டுக்கு பேரு குடுத்தாச்சு. அவகிட்ட இன்னும் சொல்லல, என்ட்ரி லிஸ்ட் வந்தா அவளே பாத்து தெரிஞ்சுக்குவான்னு அப்பா சொல்லிட்டாரு. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. கூட ஆடினவளை இப்படி விட்டுட்டுப் போறது துரோகமா அக்கா?

பதில்: துரோகமா இல்லையாங்கறதை அப்புறம் பாப்போம். இதே கேள்வி வேற வேற ஆளுங்ககிட்ட இருந்து எனக்கு வந்துக்கிட்டே இருக்கு, சேந்து தொழில் பண்ணினவங்க, சேந்து மேடை ஏறினவங்க, எல்லாருக்கும் வேண்டியது ஒண்ணுதான், "நீ ஒண்ணும் தப்பு பண்ணலம்மா, நிம்மதியா தூங்கு"ன்னு என் வாயால ஒரு வரி. அது இங்க கிடைக்காது. தூக்கம் வரலைன்னா வராம இருக்கட்டும், இப்போதைக்கு உனக்குள்ள ஒழுங்கா வேலை செய்யறது அது ஒண்ணுதான்.

உன் லெட்டர்ல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்க பாரு, என்ட்ரி லிஸ்ட் வந்தா அவளே பாத்து தெரிஞ்சுக்குவான்னு, அதுலயே நான் நின்னுட்டேன். மத்ததெல்லாம் டபுள்ஸ் ஆடுற யாருக்கும் வர்றதுதான். இது வேற.

அவ இப்ப என்ன பண்ணிட்டிருப்பான்னு கொஞ்சம் யோசிச்சியா? முழங்கால்ல பிரேஸ் மாட்டிக்கிட்டு காலை நீட்டி வச்சு, தொடைத் தசை சூம்பிப் போகக் கூடாதுன்னு பத்து செகண்ட் இறுக்கி, விட்டு, திரும்ப இறுக்கி, இதையே நாள் பூரா பண்ணிட்டு, மிச்ச நேரம் ஃபோனைத்தான் பாத்துட்டிருப்பா. வேற என்ன பாப்பா? யாரு எங்க ஆடுறாங்க, யாரு ஜெயிச்சா, ராங்கிங் எவ்வளவு இறங்குச்சு. செவ்வாய்க்கிழமை புது ராங்கிங் வந்ததும் முதல்ல உங்க ரெண்டு பேரு பேரையும்தான் தேடுவா. ஒரு நாள் அந்த லிஸ்ட்டைத் திறப்பா, உன் பேரு இருக்கும், பக்கத்துல வேற பேரு இருக்கும். இதைத்தான் நீயும் உங்க அப்பாவும் சேந்து அவளுக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருக்கீங்க.

சிங்கிள்ஸ்ல அடிபட்டா ராங்கிங் போகும், ஆனா அது அவங்க பாயிண்ட், அவங்க பேரு. டபுள்ஸ்ல ராங்கிங் ஜோடிக்குத்தான்னு உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. கடைசி 52 வாரத்துல ஆடினதுல பெஸ்ட் 10 டோர்னமென்ட் கணக்குல வரும், பழசு வாரா வாரம் உதிர்ந்துக்கிட்டே இருக்கும். அவ படுக்கையில கிடக்கற ஒவ்வொரு வாரமும் ஆறு வருஷமா சேத்த அந்த வரிசை கரையுது. நீ புது ஜோடியா கீழ இருந்து ஏறப் போற, அவளுக்கு ஏற ஆளே இல்ல. இப்படி இருக்கறவளுக்கு ஒரு பி.டி.எஃப் வழியா சேதி சொல்லலாம்னு எப்படித் தோணுச்சு உனக்கு?

குடியிருக்கற வீட்டைக் காலி பண்றதா இருந்தாக்கூட முன்கூட்டியே நேர்ல போய்ச் சொல்லிட்டுத்தானே சாவியைக் குடுப்போம்.

சரி, பார்ட்னர் மாறுறதுக்கு வருவோம். இதுல எனக்குப் பெரிய ஆட்சேபணை எதுவும் இல்ல. இந்தோனேசியாவோட டபுள்ஸ் ஆட்டக்காரி கிரேசியா போலி கதையை எடுத்துக்கோ. அவங்களும் நித்யா கிருஷிந்தா மஹேஸ்வரியும் 2014 ஏசியன் கேம்ஸ்ல தங்கம் வாங்கின ஜோடி. அப்புறம் நித்யாவுக்கு காயம் வந்து படுத்துக்க, கிரேசியா ஆட்டத்தையே விட்டுடலாங்கற நிலைமைக்குப் போயி, கோச் எங் ஹியான்தான் அவங்களைப் பிடிச்சு நிறுத்தி, கிரேசியாவை விட பத்து வயசுக்கு மேல சின்னவளான அப்ரியானி ரஹாயுவோட சேத்து விட்டாரு. 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல தங்கம், கிரேசியாவுக்கு அப்ப 33 வயசு. அந்த ஃபைனல்ல ரேலி நடந்துட்டிருக்கும்போதே கிரேசியா ஓரமா ஓடிப்போய் ராக்கெட்டை மாத்திட்டு வந்தாங்க, அந்த சில நொடி கோர்ட் பூராவும் அப்ரியானி கையில. நீ பாத்திருப்ப, பாக்காம இருந்தா இன்னைக்கே பாரு, டபுள்ஸ்னா என்னன்னு அதுக்கு மேல நான் எழுதிக் கிழிக்க ஒண்ணும் இல்ல.

வயசு போயிட்டிருக்குன்னு வீட்ல சொல்றாங்களாம், 24 வயசுல! அதே இந்தோனேசியாவோட ஹெந்த்ரா செத்தியவான் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல மார்கிஸ் கிடோவோட தங்கம் வாங்கினாரு. அப்புறம் மொஹம்மத் அஹ்சானோட சேந்து 2013, 2015 ரெண்டு வேர்ல்ட் சாம்பியன்ஷிப். அப்புறம் அஹ்சானும் அவரும் பிரிஞ்சாங்க, ஆமா பிரிஞ்சாங்க, இவரு மலேசியாவோட டான் பூன் ஹியோங் கூட ஆடப் போனாரு, அஹ்சான் ரியான் அகுங்னு ஒரு பையனோட 2017 வேர்ல்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல் வரைக்கும் போனாரு. அதோட முடிஞ்சுதா? 2018-ல ரெண்டு பேரும் திரும்ப ஒண்ணு சேந்து, 2019-ல ஆல் இங்கிலாந்து டோர்னமென்டும் வேர்ல்ட் சாம்பியன்ஷிப்பும் அடிச்சாங்க. அந்த வேர்ல்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல் நடந்த அன்னைக்கு ஹெந்த்ராவுக்கு 35-வது பிறந்தநாள்.

பிரிஞ்ச அப்புறமும் மூஞ்சி குடுத்துப் பேசறவங்களாலதான் திரும்பிச் சேர முடியும். உன் பழைய பார்ட்னர் ஒரு வருஷத்துல கால் சரியாகி வரலாம், வேற பார்ட்னரோட உனக்கு எதிர்லயே வந்து நிக்கலாம், இல்ல இந்தச் சின்னப் பொண்ணு உனக்கு ஒத்து வராம போயி நீயே அவ வாசல்ல போய் நிக்கலாம். அப்ப என்ன முகத்தோட நிப்ப?

இப்ப உங்க அப்பா. நான் அப்பா அம்மா பேச்சைத் தட்டச் சொல்ற ஆள் இல்ல, இந்தப் பக்கத்தைப் படிக்கறவங்களுக்கு அது தெரியும், அதுக்காக என்னைத் திட்டி வர்ற லெட்டரே ஒரு மூட்டை இருக்கு. உன்னை விடிகாலையில எழுப்பி பிராக்டிஸுக்குக் கூட்டிட்டுப் போனவரு, செலவு பண்ணவரு, அவரோட பதட்டம் எனக்குப் புரியுது. வேர்ல்ட் டூர்னு சொல்ற சர்வதேசப் போட்டிகள்ல, பெரிய டோர்னமென்ட்னா (சூப்பர் 1000, 750), மொத்தப் பரிசுப் பணத்துல சிங்கிள்ஸ் ஜெயிச்சவங்களுக்கு 7 சதவீதம், டபுள்ஸ் ஜெயிச்ச ஜோடிக்கு 7.4, அதை ரெண்டாப் பிரிச்சா தலைக்கு 3.7. அதே டைட்டில், வர்றது கிட்டத்தட்ட பாதி. இதுல ஒரு வருஷம் சும்மா உக்காருன்னு எந்த அப்பா சொல்லுவாரு? எங்க ஆடணும், என்னைக்கு நிறுத்தணும், அதுல அவர் சொல்றதைக் கேளு, கேக்கத்தான் வேணும். ஆனா பெத்தவங்களுக்கு அடங்கி நடக்கறது வேற, அவங்க முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறது வேற. நீ பண்ணிட்டிருக்கறது ரெண்டாவது. ஆறு வருஷம் கோர்ட்ல உனக்குப் பின்னாடி நின்னு, நீ நெட்ல விட்டதையெல்லாம் எடுத்துக் குடுத்தது அவதான், உங்க அப்பா இல்ல. அவகிட்ட பேசற கடமை உன்னுது. அதை அவர் எடுத்துக்கிட்டதும் தப்பு, சொன்ன உடனே நீ தூக்கிக் குடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. உனக்கு உள்ளுக்குள்ள அது வசதியா இருந்துச்சு, இல்லைன்னு சொல்லாத. அவரே இதைப் படிச்சாலும் பரவால்ல. சார், நீங்க பொண்ணுக்கு நல்லது பண்றதா நினைச்சு அவளைக் கோழையாக்குறீங்க.

இன்னொருத்தியை மறந்துட்ட. அந்த 19 வயசுப் பொண்ணு. அடிபட்ட பார்ட்னரை நீ எப்படிக் கழட்டி விடுறங்கறதை மொத ஆளா பக்கத்துல நின்னு பாக்கப் போறது அவதான், அவளுக்கும் முழங்கால் இருக்கு. நாளைக்கு ஸ்கோர் 19-19ல நீ சர்வீஸ் போடும்போது பின்னாடி நிக்கறவ உன்னை நம்பணும்ல.

அதனால லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடி போ, முடிஞ்சா நாளைக்கே. வேற ஊர்ல இருந்தா வீடியோ கால், மெசேஜ் மட்டும் வேண்டவே வேண்டாம். போனதும் கால் எப்படி இருக்குன்னு அரை மணி நேரம் சுத்தி வளைக்காத, மொத வாக்கியத்துலயே சொல்லிடு, "நான் இன்னாரோட ஆடப் போறேன், பேரு குடுத்தாச்சு, குடுக்கறதுக்கு முன்னாடியே உன்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல." கோச் சொன்னாரு, அப்பா சொன்னாருன்னு ஆரம்பிக்காத, ஒத்துக்கிட்டது நீதான். நீ திரும்பி வந்ததும் நிச்சயமா உன்னோடதான் ஆடுவேன்னு வாக்கும் குடுத்துடாத, அது உன் கையிலயே இல்ல. சேந்து ஆடினதுல இன்னும் வர வேண்டிய பணம், ஸ்பான்சர் கணக்கு ஏதாவது இருந்தா அதையும் அங்கயே பேசி முடி. அவ கத்துவா, அழுவா, இல்ல ஒரு வார்த்தை பேசாம செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பா. எதுவா இருந்தாலும் அவ போன்னு சொல்ற வரைக்கும் உக்காரு.

அப்பா கூட வர்றேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடு.